மூன்று ஆறு கூடும் ஊரின் வரவு செலவு: திருமுக்கூடல் மக்கள் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
ஊர் விவசாயிகள் சங்கம்,
திருமுக்கூடல், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், காஞ்சிபுரம்.

பொருள்: ஆற்று நீர், கல்குவாரி லாரிப் போக்குவரத்து, நெல் கொள்முதல், விளைநிலப் பாதுகாப்பு, மருத்துவம், பேருந்து வசதி ஆகியவை குறித்துத் திருமுக்கூடல் மக்களின் கோரிக்கைகள் – நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடுகிற எங்கள் ஊரின் கோயிலை அலுவல் நிமித்தமாகவேனும் தாங்கள் பார்த்திருக்கக்கூடும். அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் இங்கு நடந்த ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையின் கணக்கு அதில் உள்ளது. படுக்கை 15. மருத்துவர் ஒருவர். அறுவை செய்ய ஒருவர். மூலிகை கொண்டுவர இருவர். நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். யார் யாருக்கு ஆண்டுக்கு எத்தனை கலம் நெல், எத்தனை காசு என்பதும், இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. வேதமும் இலக்கணமும் படித்த மாணவர்கள் உள்ளிட்ட 60 பேரின் சாப்பாட்டுச் செலவும் அதே கணக்கில் அடங்கியது.

பழம்பெருமை பேச இதை எழுதவில்லை. இந்த ஊரில் விளைந்த நெல் இந்த ஊரிலேயே மருத்துவரையும் மாணவரையும் வைத்துக் காப்பாற்றியது என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது என்று சொல்லவே எழுதினோம். இன்றைய கணக்கைப் பார்த்தால் செலவுப் பக்கம் மட்டும் நீண்டுகொண்டே போகிறது. பாலாற்றுப் படுகையின் தண்ணீர் தாம்பரம், பல்லாவரம் வரை குடிநீராகப் போகிறது. சுற்றுவட்டாரக் குன்றுகள் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் சென்னைக்குப் போகின்றன. ஆற்று மணல் எப்போதோ போய்விட்டது. எங்கள் பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறார்கள். நகரம் வளர வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களிடமிருந்து போவதற்கு ஈடாக ஊருக்கு என்ன வருகிறது என்று கேட்கிறோம். கோரிக்கைகள் வருமாறு.

1. ஆறும் தண்ணீரும்

பாலாற்றில் வெள்ளம் வருவது எங்களுக்கு அரிதான காட்சி. 2021 நவம்பரில் வந்த பெருவெள்ளம் வாலாஜாபாத் – அவளூர் தரைப்பாலத்தைச் சேதப்படுத்திவிட்டுக் கடலுக்குப் போனது. பழையசீவரத்துக்கும் பழவேரிக்கும் இடையே தடுப்பணை கட்டிய பிறகு கிணறுகளில் நீர்மட்டம் தாங்குவதைப் பார்க்கிறோம். அதற்காக அரசுக்கு நன்றி.

ஆனால் மணல் அள்ளியதால் ஆற்றின் தரைமட்டம் இறங்கிவிட்ட இடங்களில், பழைய ஊற்றுக்கால்களின் தலைப்பு ஆற்றுக்கு மேலே நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் நின்றாலும் கால்வாயில் ஏறுவதில்லை.

வேகவதியின் கதை வேறு. காஞ்சிபுரம் நகரைக் கடந்து வரும்போது அது நகரத்தின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு வருகிறது. பாலாற்றுத் தண்ணீரில் சாயம் நன்றாகப் பிடிக்கும் என்று பட்டு நெசவாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பெயர் பெற்ற ஆற்றில் கழிவு வந்து கலக்கும் இடம் எங்கள் ஊர்த்துறை. மேலே வேலூர்ப் பகுதியில் தோல் கழிவால் பாலாறு கெட்டது குறித்து 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும், ஆற்றை மீட்கும் பணியும் அதில் ஆணையிடப்பட்டன. கீழ்ப்பகுதி மக்களும் ஆறு கெட்ட பிறகு வழக்குமன்றம் ஏறும் நிலை வரக் கூடாது.

ஆகவே வேண்டுவது:
(அ) வேகவதியில் கலக்கும் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்ட பின்னரே ஆற்றில் விடப்பட வேண்டும். கூடுதுறையில் நீரின் தரத்தை மாதந்தோறும் சோதித்து, முடிவை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.
(ஆ) ஊற்றுக்கால்களையும் ஏரிகளின் வரத்துக் கால்வாய்களையும் அளந்து, ஆக்கிரமிப்பு நீக்கி, தலைப்புகளைத் திருத்தித் தர வேண்டும்.
(இ) எந்தப் பெயரிலும் இந்தப் பகுதி ஆற்றில் இனி மணல் குவாரி திறக்கக் கூடாது.

2. கல்குவாரியும் லாரியும்

எங்கள் சாலையில் முதலில் விழித்துக்கொள்வது டிப்பர் லாரிகள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், களத்துக்கு நெல் கொண்டுபோகும் டிராக்டரும், பால் ஊற்றப் போகும் பெண்களும் அவற்றுக்கு ஒதுங்கிப் போகப் பழகிவிட்டார்கள். தார்ப்பாய் மூடாமல் வரும் வண்டியிலிருந்து ஜல்லி சிதறுகிறது. கிரஷர் தூசி கதிரில் படிந்தால் பூ பிடிப்பதில்லை. வைக்கோலில் படிந்தால் மாடு முகர்ந்துவிட்டு விலகுகிறது. வெடி வைக்கும்போது பழைய சுவர் வீடுகள் அதிர்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டைத் தாங்கி நிற்கும் கோயிலும் இந்தச் சாலைகளுக்கு அருகிலேயே இருக்கிறது.

இந்தத் தொழிலில் எங்கள் ஊர்களின் கூலிக்காரர்களும் பிழைக்கிறார்கள் என்பது தெரியும். அதனால் மூடச் சொல்லிக் கேட்கவில்லை. விதிப்படி நடத்தச் சொல்லிக் கேட்கிறோம்.

(அ) குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் இடைவெளி என்ற கனிம விதி எல்லாக் குவாரிகளிலும் காக்கப்படுகிறதா என்று ஊராட்சிப் பிரதிநிதி முன்னிலையில் அளக்க வேண்டும்.
(ஆ) நடைச்சீட்டு, எடை, தார்ப்பாய் ஆகியவற்றைச் சோதிக்க நிலையான சோதனைச் சாவடி வேண்டும். பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் கனரக வண்டிகளுக்குத் தடை வேண்டும்.
(இ) பாரம் ஏறிய வண்டிகள் ஓயாது போகும் பாலாற்றுப் பாலத்தின் தூண்களையும் இணைப்புகளையும் பொறியாளர்கள் ஆய்வு செய்து அறிக்கையை வெளியிட வேண்டும். பழையசீவரம் ரயில் நிலையத்துக்கும் செங்கல்பட்டு – காஞ்சிபுரம் சாலைக்கும் எங்களுக்கு இருக்கும் ஒரே நேர்வழி அந்தப் பாலம்.
(ஈ) மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி, கனிமம் எடுப்பதால் பாதிக்கப்படும் பகுதிகளுக்கென்றே ஏற்பட்டது. அதில் எங்கள் பகுதிக்கு இதுவரை என்ன செலவானது என்ற கணக்கைக் கிராம சபையில் வைக்க வேண்டும்.

3. நெல்

சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் பார்த்த மண் இது. 2025-26 பருவத்துக்குச் சன்ன ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாயும் பொது ரகத்துக்கு 2,500 ரூபாயும் அரசு அறிவித்தது. அறிவித்த விலை கையில் சேர்வதற்குள் நெல் களத்தில் பல நாள் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். அறுவடையன்று பெய்யும் மழைக்கு அந்த விதி தெரியாது. உலர்த்த இடமில்லாமல் தார்ச்சாலையில் கொட்டினால் மேலே லாரி ஏறுகிறது. பொறுமை இழந்தவர், வந்த விலைக்கு வியாபாரியிடம் போட்டுவிட்டுப் போகிறார்.

(அ) அறுவடை தொடங்கும் முன்பே நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறக்கப்பட வேண்டும். சொந்தக் கட்டடமும் மேற்கூரையிட்ட சிமெண்ட் களமும் வேண்டும்.
(ஆ) மழைக்காலத்தில் ஈரப்பதத் தளர்வைக் காலதாமதம் இல்லாமல் கேட்டுப் பெற்றுத் தர வேண்டும்.
(இ) 40 கிலோ மூட்டைக்கு மேல் எடையோ பணமோ பிடிக்கக் கூடாது என்ற அறிவிப்பையும், புகார் எண்ணையும் ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் எழுதி வைக்க வேண்டும்.

4. வயலும் மனையும்

சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. இதே மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் அதே ஆண்டிலிருந்து போராடுகிறார்கள். விமான நிலையச் செய்தி வந்த நாளிலிருந்து, வயல் வரப்பில் வெள்ளைக் கல் நட்டுக் கொடி கட்டுவது இங்கும் கூடிவிட்டது. நடுவில் ஒரு வயல் மனையானால் அதற்குக் கீழே உள்ள பத்து வயலுக்கும் வாய்க்கால் அறுந்துபோகிறது. அடுத்த போகத்தில் அந்தப் பத்தும் தரிசு. அதற்கடுத்த ஆண்டு அவையும் மனை. விற்றவரை நாங்கள் குறை சொல்வதற்கில்லை. மகள் கல்யாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் நெல் பணம் போதாதபோது அவர் வேறு என்ன செய்வார்?

(அ) ஆற்றுப் பாசன, ஏரிப் பாசன நஞ்சைகளை மனைப்பிரிவாக்க அனுமதிப்பதற்கு முன், கீழ்ப்பாசன விவசாயிகளின் கருத்தைக் கேட்பது கட்டாயம் ஆக்கப்பட வேண்டும்.
(ஆ) வாய்க்கால், வண்டிப்பாதை, ஓடை புறம்போக்குகளை அளந்து கல் நட்டு, வரைபடத்தை ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும்.

5. மருத்துவமும் பேருந்தும்

இரவில் வரப்பில் பாம்பு கடித்தாலோ, பிரசவ வலி கண்டாலோ, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்கோ ஓட வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வழியில் லாரி வரிசை. 15 படுக்கை இருந்த ஊரில் இன்று நாங்கள் 15 படுக்கை கேட்கவில்லை. சுற்றுக் கிராமங்களுக்கும் பொதுவாக, இரவிலும் மருத்துவர் இருக்கும், பாம்புக்கடி மருந்து இருப்பு உள்ள ஆரம்ப சுகாதார நிலையமும், அருகிலேயே நிற்கும் 108 வண்டியும் கேட்கிறோம்.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் நல்ல திட்டம். பேருந்து வந்தால்தான் அதில் ஏற முடியும். பள்ளி நேரத்துக்கும், கம்பெனி ஷிப்ட் முடியும் நேரத்துக்கும், பழையசீவரம் ரயில் வரும் நேரத்துக்கும் பொருந்தும்படி காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூருக்குப் பேருந்து விட வேண்டுகிறோம்.

மாட்டுப் பொங்கலன்று பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, ஆற்றைக் கடந்து எங்கள் ஊருக்கு வருகிறார். சுற்றுவட்டாரப் பெருமாள்களும் இங்கே வந்து சேர்கிறார்கள். அந்த ஒரு நாள் சாலை சுத்தமாகிறது, விளக்கு எரிகிறது, சிறப்புப் பேருந்து ஓடுகிறது, காவலர் நிற்கிறார்கள். செய்ய முடியும் என்பதற்கு அந்த நாளே சாட்சி. மற்ற 364 நாளும் இங்கே மனிதர்கள் வாழ்கிறோம் என்பதை மட்டும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கோரிக்கை மனுக்களுக்கு “உரிய நடவடிக்கைக்காகப் பரிந்துரைக்கப்பட்டது” என்று பதில் வருவது வழக்கம். எங்கள் ஊர்க் கல்வெட்டை எழுதியவர்கள் அப்படி எழுதவில்லை. எந்த வேலைக்கு யார் பொறுப்பு, அவருக்கு எத்தனை கலம் நெல் என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். மேற்கண்ட ஒவ்வொரு கோரிக்கைக்கும் எந்த அலுவலர் பொறுப்பு, எந்த நிதி, எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் பதில் தருமாறும், முடியாதவற்றை முடியாது என்றே காரணத்தோடு தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பதிலை வரும் கிராம சபையில் வாசித்து மக்களுக்குச் சொல்லக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
ஊர் விவசாயிகள் சங்கம், திருமுக்கூடல்.

இணைப்பு: ஊர்மக்கள் கையொப்பப் பட்டியல், சாலை, களம், வாய்க்கால் புகைப்படங்கள்.

நகல்: வேளாண்மை இணை இயக்குநர், நீர்வளத் துறைச் செயற்பொறியாளர், கனிமவளத் துறை உதவி இயக்குநர், ஊராட்சி மன்றத் தலைவர்.