வளைகாப்புக்கு வெளுப்பு எதற்கு?

சமீபத்தில் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். விசேஷத்துக்கு நாலு நாள் முன்பே போய் இறங்கினால், பெண்ணின் முகம் வாடிக் கிடக்கிறது. "என்னடி, கால் வீக்கமா?" என்றேன். "அதெல்லாம் இல்லை பெரியம்மா... கன்னத்தைப் பாருங்க!" என்றாள். இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் பழுப்பாக மங்கு படர்ந்திருந்தது.

கர்ப்பிணிகளுக்கு மங்கு வருவது சகஜம். ஹார்மோன்கள் ஏறுவதால் தோலில் நிறமி அதிகம் சுரக்கிறது. வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே மங்கிவிடும். இது நமக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் சும்மா இருந்தால்தானே? "என்னம்மா, முகமெல்லாம் இப்படி ஆயிடுச்சு?" என்று நாலு பேர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சம்பந்தியம்மா நல்ல மனுஷி. மருமகள் போட்டோவில் லட்சணமாக இருக்க வேண்டும் என்ற ஆசையில், தெரிந்த பார்லர் அம்மாவிடம் சொல்லி ஒரு சின்ன டப்பா வாங்கி வந்திருந்தார்.

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே ஒரு பூ படம், புரியாத எழுத்து. தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, லைசென்ஸ் நம்பர் இல்லை, என்ன கலந்திருக்கிறது என்பதும் இல்லை. "எப்படிப் பூசச் சொன்னாங்க?" என்றேன். "ராத்திரி பூசிட்டுப் படுக்கணுமாம். பத்தே நாள்ல பளிச்சுனு ஆயிடுமாம். நகையில மட்டும் படக்கூடாதாம்!"

கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது.

தங்கத்தில் படக்கூடாத பொருள் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். பாதரசம்! தெர்மாமீட்டர் உடைந்தால், "வளையலைக் கழட்டிட்டுப் பெருக்கு" என்பார்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொண்டு அதை வெளுக்க வைத்துவிடும். அதே பாதரச உப்புகளைத்தான் சில சிவப்பழகு கிரீம்களில் சேர்க்கிறார்கள். தோலில் நிறமி உண்டாவதை அது தடுக்கும். முகம் சீக்கிரம் வெளுக்கத்தான் செய்யும், பொய் இல்லை. ஆனால் தோல் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். வயிற்றில் வளரும் குழந்தையின் மூளைக்கும் நரம்புக்கும் பாதரசம் ஆகாது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. லேபிள் உள்ள கிரீமிலும் 'மெர்க்குரி' என்று நேராகப் போட மாட்டார்கள். 'கேலோமெல்' என்று இருந்தாலும் அதுவும் பாதரசம்தான்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பக்கத்துக் கேரளத்தில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அந்த நோயிலேயே அபூர்வமான ஒரு பிரிவு. அந்த 15 பேரில் 13 பேர் முக வெளுப்பு கிரீம் பூசியவர்கள்! நம் நாட்டில் 2020-ம் வருட அழகுசாதன விதிகளின்படி பாதரசம் சேர்த்த கிரீம் தயாரிக்கவே கூடாது. சட்டம் இருக்கிறது. ஆனால் கைப்பையில் வைத்து விற்கிற டப்பாவை எந்த இன்ஸ்பெக்டர் பிடிப்பார்?

பார்லர் டப்பாவை மட்டும் குறை சொல்லி மெடிக்கல் ஷாப்பை விட்டுவிடுவது நியாயமில்லை. "மங்குக்கு ஒரு ட்யூப் கொடுங்க" என்று கேட்டால், மூன்று மருந்து கலந்த கிரீம் ஒன்றைச் சீட்டே இல்லாமல் எடுத்துத் தருகிற கடைகள் இருக்கின்றன. அதில் ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், ஸ்டீராய்டு மூன்றும் இருக்கும். பூசுகிற ஹைட்ரோகுவினோனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்புக்குள் போகிறது. கர்ப்ப காலத்தில் வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள். சக்தி வாய்ந்த ஸ்டீராய்டை நிறையப் பூசினால் குழந்தையின் எடை குறையலாம். ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவே போட்டது. கடைக்காரரைச் சொல்லி என்ன? 'எத்தனை மாசம்?' என்று அவர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

ட்ரெடினாயின், அடாபலீன், ரெட்டினால்... இவையெல்லாம் வைட்டமின் ஏ குடும்பம். வைட்டமின் என்றதும் நல்லது என்று நினைத்துவிடுகிறோம். பருவுக்கு விழுங்கத் தரும் ஐசோட்ரெடினாயின் மாத்திரை இந்தக் குடும்பத்தில் மிகவும் பொல்லாதது. 1982-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சிறிது காலத்திலேயே, அதைச் சாப்பிட்ட கர்ப்பிணிகளின் குழந்தைகளுக்கு மூளை, இருதயம், காது எனப் பல இடங்களில் பிறவிக் கோளாறு தெரியவந்தது. அதை நிறுத்தி ஒரு மாதமாவது ஆன பிறகே கர்ப்பம் தரிக்க வேண்டும். மேலே பூசுகிற கிரீம் அந்த அளவுக்கு உள்ளே போகாது. இருந்தாலும், ஒத்திப்போடக்கூடிய விஷயத்தில் ஏன் விஷப் பரீட்சை?

அதற்காக எதையுமே தொடாதே என்று பெண்ணை மூலையில் உட்கார வைக்கச் சொல்லவில்லை. சாதாரண சோப்பு, தேங்காய் எண்ணெய், காலமைன், ஒரு மாய்ஸ்சரைசர் தாராளமாகப் போடலாம். மங்குக்கு நல்ல மருந்து குடையும், துத்தநாக ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீனும்தான். பரு அதிகமென்றால் அசெலாயிக் ஆசிட் போன்ற கிரீம் உண்டு, டாக்டரைக் கேட்டுப் பூசலாம். தலைக்கு டை அடிப்பதாக இருந்தால் முதல் மூன்று மாதம் போகட்டும். வயிற்றில் வரிக்கோடு விழாமல் தடுப்பதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் விற்கிற கிரீமுக்கு நிச்சயமான ஆதாரம் கிடையாது. அந்தப் பணத்துக்குப் பழம் வாங்கலாம்.

'இயற்கை' என்ற வார்த்தையையும் நம்பிவிடாதீர்கள். வீட்டில் அரைத்த மருதாணி நல்லது. சீக்கிரம் கறுப்பாகப் பிடிக்கிற 'பிளாக் மெஹந்தி'யில் ஹேர் டை ரசாயனம் இருக்கலாம். சிலருக்குக் கை கொப்பளித்துவிடும். வட இந்தியக் கடைகளில் விற்கிற சுர்மாவில் ஈயம் இருப்பது பல சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கடைசி மாதங்களில் தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரித்தால், எந்த கிரீமையும் தேடாதீர்கள். அது கல்லீரல் கோளாறாக இருக்கலாம், குழந்தைக்கு ஆபத்து. மறுநாளே ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும்.

இந்த வெளுப்பு மோகம் முகத்தோடும் நிற்பதில்லை. குழந்தை சிவப்பாகப் பிறக்கக் குங்குமப்பூ பால் கொடுக்கிறார்கள். பாலும் ருசியும் சரி. நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது. குங்குமப்பூவோடு விட்டாலும் பரவாயில்லை. 'இரும்பு மாத்திரை சாப்பிட்டா குழந்தை கறுத்துடும்' என்று மாத்திரையை ஜன்னல் வழியாக எறிகிற வீடுகள் இன்றும் உண்டு. ரத்தசோகையோடு பிரசவ அறைக்குள் போகிறவளுக்குச் சாதாரண ரத்தப்போக்கே உயிருக்கு ஆபத்தாகிவிடும். நிறத்துக்காக இவ்வளவு விலையா?

டாக்டர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. முதல் செக்கப்பில், என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்கிறார்கள். முகத்தில் என்ன பூசுகிறாய் என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? கேட்கவில்லையென்றால் நாமே டப்பாக்களைப் பையில் போட்டு எடுத்துப்போய் மேஜையில் வைத்துவிடுவதுதான் வழி.

என் தங்கை மகளை அப்படித்தான் அழைத்துப் போனேன். நாலு ராத்திரிதான் பூசியிருந்தாள். டாக்டர் சிறுநீரில் புரதமும் பாதரசமும் பார்க்கச் சொன்னார். ரிசல்ட் வருகிற வரை எனக்கும் தங்கைக்கும் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, ஒன்றுமில்லை. டப்பா ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது.

வளைகாப்பு மங்கோடுதான் நடந்தது. ஆல்பம் போடும்போது சம்பந்தியம்மா போட்டோக்காரரிடம், "கன்னத்துல மட்டும் கொஞ்சம் டச்-அப் பண்ணிடுங்க தம்பி" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கம்ப்யூட்டரில் பூசுகிற கிரீம் ரத்தத்தில் கலக்காதே!