முதலாளிக்கு விடுமுறை உண்டா?

ஆபீஸ் குமாஸ்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியார்களாகிய நமக்கோ ஞாயிற்றுக்கிழமையுடன் கோடை விடுமுறையும் இருக்கிறது. அதைப் பற்றி ஊரார் சற்றுப் பொறாமைப்படுவதும் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு எந்தக் கிழமை விடுமுறை? கேட்டால் அவர் சிரிப்பார். "தீபாவளிக்கு மறுநாள், மத்தியானம் வரையில்" என்பார். அதைக் குறையாகச் சொல்லாமல் பெருமையாகவே சொல்வார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

பிறரிடம் கைகட்டிச் சேவகம் செய்வதில்லை என்று தீர்மானித்துச் சொந்தத் தொழில் தொடங்கியவர் அவர். சுதேசி இயக்க காலத்திலிருந்து நம் நாட்டில் போற்றப்பட்டு வந்த நோக்கம் அது. ஆனால் நடப்பது என்ன? காலை 6 மணிக்குக் கடை திறக்கிறார். இரவு 10 மணிக்குச் சாத்துகிறார். சாப்பாட்டுக்கும் மற்றவற்றுக்கும் 2 மணி நேரத்தைக் கழித்துவிட்டாலும் நாளொன்றுக்கு 14 மணி, வாரத்துக்கு 98 மணி ஆகிறது. கடை சாத்திய பிறகு கொள்முதல் கணக்கு, கடன் நோட்டு, சரக்கு சேவை வரிக் கணக்கு எல்லாம் காத்திருக்கின்றன. படுத்த பிறகும், "காலையில் இரண்டு கிலோ இட்லி அரிசி அனுப்பவும்" என்று கைபேசியில் செய்தி வருகிறது. அந்நியருக்கு அடிமையாக மாட்டேன் என்று புறப்பட்டவர் தம்முடைய கல்லாப் பெட்டிக்கே அடிமையாகிவிடுகிறார்!

"எங்கள் தாத்தா உழைக்கவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். உழைத்தார், வாஸ்தவந்தான். ஆனால் தாத்தாவின் கடையில் உச்சி வேளையில் ஈ காக்கை இராது. அவர் திண்ணையில் துண்டை விரித்து ஒரு மணி நேரம் கண்ணயர்வார். கல்லாவில் தம்பியோ மைத்துனரோ உட்கார்ந்திருப்பார். கடன்காரர் வீட்டு வாசல் வரையில் வருவாரே தவிர, தலையணை வரையில் வரமாட்டார். இன்றைக்குக் கூட்டுக் குடும்பம் போயிற்று, கைபேசி வந்தது. அன்று நான்கு பேர் சுமந்த பாரத்தை இன்று ஒருவர் சுமக்கிறார்.

இதன் பலனை மேல்நாட்டு வைத்தியர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். நியூயார்க் நகரத்து மனோதத்துவ நிபுணர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் பகலில் தம் தொழிலைச் செய்துவிட்டு, மாலையில் இலவச வைத்தியசாலை ஒன்றில் தொண்டு செய்து வந்தார். அங்கே மிகுந்த ஆர்வத்துடன் உழைத்தவர்களே நாளடைவில் வறண்டு போவதைக் கண்டு, 1974-ஆம் வருஷத்தில் அதைப் பற்றி எழுதினார். தாமும் அதே கதிக்கு ஆளானவர் அவர். எண்ணெய் வற்றிய விளக்கில் திரியே எரிந்து கருகுவது போன்ற நிலைமை அது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் இதைத் தனி வியாதி என்று சொல்லாமல், தொழிலால் விளையும் நிலைமை என்று வகுத்து, மூன்று அடையாளங்களைக் கூறியது. உடம்பிலும் உள்ளத்திலும் சக்தி வற்றிப்போதல் ஒன்று. செய்யும் தொழிலில் பற்று விட்டுக் கசப்பு உண்டாதல் இரண்டாவது. முன்போல் காரியம் ஓடாதிருத்தல் மூன்றாவது.

கடைக்காரர் வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்த அடையாளங்களை விளக்கத் தேவையில்லை. வாடிக்கைக்காரர் விலை கேட்டாலே எரிந்து விழுவார். ஒரே பில்லை மூன்று தரம் கூட்டுவார். குழந்தை பரீட்சையில் முதல் மார்க்கு வாங்கி வந்தால், "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சுவரைப் பார்ப்பார். "அவருக்குக் குணம் மாறிவிட்டது" என்று வீட்டார் வருந்துவார்கள். பெரும்பாலும் குணம் மாறியிராது, எண்ணெய்தான் தீர்ந்திருக்கும்.

தேகத்துக்கும் ஆபத்து உண்டு. வாரத்துக்கு 55 மணி அல்லது அதற்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைக் காட்டிலும் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவிகிதமும், இருதய நோயால் மரணம் நேரும் அபாயம் 17 சதவிகிதமும் அதிகம் என்று 2021-இல் உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் சேர்ந்து வெளியிட்டன. நம் மளிகைக் கடைக்காரரின் கணக்கு 98 மணி என்பதை நேயர்கள் மறந்துவிட வேண்டாம்.

சிப்பந்திகளைப் பற்றிச் சட்டம் கவலைப்பட்டிருக்கிறது. 1947-ஆம் வருஷத்துச் சென்னைக் கடைகள், ஸ்தாபனங்கள் சட்டம் அவர்களுக்கு வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்து, வாரம் ஒரு நாள் விடுமுறையும் விதித்தது. 2021-இல் தமிழ்நாட்டில் அவர்கள் உட்காருவதற்கு ஆசனம் போட வேண்டும் என்றும் சட்டம் வந்தது. மிகவும் நியாயம். ஆனால் முதலாளியைப் பார்த்து, "ஐயா, நீரும் சற்று உட்காரும்" என்று சொல்ல எந்தச் சட்டசபை கூடும்? அவருக்கு லீவு கொடுக்க வேண்டியவர் அவரேதான். அவரைப் போலக் கறாரான எஜமானர் வேறு யாரும் இல்லை!

"நான் ஒரு நாள் இல்லாவிட்டால் எல்லாம் கவிழ்ந்துவிடும்" என்பது அவருடைய சமாதானம். தேச விடுதலை என்ற பாரத்தைச் சுமந்த காந்தியடிகள் என்ன செய்தார்? திங்கட்கிழமை தோறும் மௌனம் அனுஷ்டித்தார்; சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதிக் காட்டினார். வேலை நெருக்கத்திலிருந்து சிறிது விடுபடவே முதலில் அதைத் தொடங்கியதாகவும், அதன் ஆன்மிகப் பயன் பிறகே புலப்பட்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். 1927-இல் கதர்ச் சுற்றுப் பயணத்தின் நடுவே அவர் தேகம் தளர்ந்தது. வைத்தியர் சொற்படி மைசூர் ராஜ்யத்து நந்தி மலையில் பல வாரங்கள் தங்கி ஓய்வு எடுத்துக்கொண்டார். கதர் இயக்கம் கவிழ்ந்துவிடவில்லை. அதே வருஷத்தில் அவர் தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சுற்றிக் கதர் நிதி திரட்டினார். காந்தியடிகளுக்குக் கிடைத்த ஓய்வு நம் ஊர்க் கடைக்காரருக்குக் கிடைக்கக் கூடாதா?

ஆகவே நாம் சொல்லும் யோசனை ஒன்றே: முதலாளி இல்லாமல் கடை ஒரு நாள் நடக்க வேண்டும், அல்லது ஒரு நாள் மூடிக் கிடக்க வேண்டும். இதற்கு முதற்படி, இரண்டாவது சாவி. நம்பகமான சிப்பந்தியிடமோ, வீட்டில் கணக்குத் தெரிந்தவரிடமோ அதைக் கொடுக்க வேண்டும். எந்தச் சரக்கு யாரிடம் வாங்குவது, யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று முதலாளியின் மண்டைக்குள் இருப்பதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். முதலில் வாரத்துக்கு அரை நாள் விலகிப் பார்க்கட்டும். சில்லறைத் தவறுகள் நேரத்தான் நேரும். அவற்றைச் சிப்பந்தியைப் பழக்குவதற்குக் கொடுத்த கூலி என்று எண்ண வேண்டும். இரவு 9 மணிக்கு மேல் கடைக் கைபேசி கடையிலேயே தூங்கட்டும். இட்லி அரிசி காலையில் போனால் போதும். முதலாளி தமக்கும் மாதச் சம்பளம் ஒன்று வைத்துக்கொள்வதும் நல்லது. வீட்டுப் பணமும் கடைப் பணமும் கலந்து கிடந்தால், கடையின் கவலையும் வீட்டுக்குள் கலந்துவிடும்.

ஏற்கனவே எண்ணெய் வற்றிவிட்டதென்றால், கொடைக்கானலில் நான்கு நாள் இருந்து வந்தால் மட்டும் போதாது. ஐந்தாம் நாள் அதே 14 மணி நேரமும் அதே கடன் நோட்டும் காத்திருக்குமல்லவா? முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை வியாதி, ரத்தக் குறைவு, தைராய்டுக் கோளாறு, மன வியாதி ஆகியவையும் இதே சோர்வைத் தரக்கூடும். பிறகு தூக்கத்தைச் சரி செய்து, வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்து, சிறுகச் சிறுகத் திரும்ப வேண்டும். கடன் எவ்வளவு என்பதை மனைவியிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பாதிப் பாரம் அங்கேயே இறங்கும். வாழ்க்கையே வெறுத்துப் போகும் நிலை வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. 14416 என்ற எண்ணில், மத்திய சர்க்கார் 2022-இல் தொடங்கிய இலவச மனநல உதவி இரவும் பகலும் கிடைக்கிறது.

"பிள்ளைகளுக்காகத்தானே இவ்வளவும்!" என்று தகப்பனார்கள் சொல்கிறார்கள். பிள்ளைகளுடன் நாள் முழுதும் பழகுகிறவர்கள் என்ற முறையில் நாம் ஒன்று சொல்லலாம். கடை எத்தனை மணிக்குத் திறந்தது என்பதைப் பிள்ளைகள் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அப்பா தங்களுடன் உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களை எண்ணி வைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணிக்கையை உயர்த்துவதற்கு மூலதனம் அதிகம் வேண்டியதில்லை. கடை வாசலில் "இன்று விடுமுறை" என்று ஓர் அட்டை தொங்கவிட்டால் போதும்.