போரைக் கதையாகப் படிக்கையில்...



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குச் செல்லும் பேருந்தில் உங்களுக்குச் சன்னலோர இருக்கை கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மடியில் தடித்த நூல் ஒன்று விரிந்திருக்கிறது. 1973ஆம் ஆண்டின் அரபு-இஸ்ரேல் போரைப் பற்றிய நூல் அது. சூயஸ் கால்வாயில் எகிப்தியப் படகுகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. கோமுகி அணைப் பக்கம் கடந்து போனதை நீங்கள் கவனிக்கவில்லை. மலைப்பாதையின் முதல் வளைவில் பேருந்து திரும்பியதையும் உணரவில்லை. நடத்துநர் தோளைத் தொட்ட பின்னரே சினாய் மணலிலிருந்து கல்வராயன் மலைக்கு மீள்கிறீர்கள்.

கதைபோல் எழுதப்பட்ட வரலாறுகளுக்கு இந்த ஆற்றல் உண்டு. 2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் நிகழ்ந்தவற்றைக் கைப்பேசியில் கண்டு கலங்கிய நம் வீட்டுப் பிள்ளைகள், "இதெல்லாம் எங்கே தொடங்கியது?" என்று கேட்கிறார்கள். விடை தேடும்போது அவர்கள் கையில் எடுப்பது ஆய்வேடுகளை அல்ல, இத்தகைய நூல்களைத்தான். தமிழில் பா. ராகவனின் 'நிலமெல்லாம் ரத்தம்' இதழில் தொடராக வந்து நூலானது. ஆங்கிலத்தில் லாரி காலின்ஸ், டொமினிக் லாப்பியர் இருவரும் 1948ஆம் ஆண்டுப் போரைப் பற்றி எழுதிய 'ஓ ஜெரூசலம்' 1972இல் வெளிவந்தது. இந்திய விடுதலையின் கதையை 'நள்ளிரவில் சுதந்திரம்' என்று நாம் படித்தோமே, அதை எழுதியவர்களும் இவர்களே.

பிள்ளைகள் படிக்கட்டும், தடுக்க வேண்டியதில்லை. ஆனால், எப்படிப் படிப்பது என்பதை அவர்களுக்குச் சொல்லித் தரும் கடமை நமக்கு இருக்கிறது.

மண்மேட்டைக் கரைத்த தண்ணீர்

முதலில் இந்நூல்களின் நன்மையைப் பார்ப்போம். 1973 அக்டோபர் 6, ஹிஜ்ரி 1393 ரமளான் பிறை 10. பிற்பகல் இரண்டு மணியளவில் எகிப்தும் சிரியாவும் ஒரே வேளையில் தாக்குதலைத் தொடங்கின. கால்வாயின் கிழக்குக் கரையில் இஸ்ரேலியர் எழுப்பியிருந்த மண்மேடு, இடத்திற்கு இடம் சுமார் 20 மீட்டர் உயரம் வரை நின்றது. அதை வெடிவைத்துத் தகர்ப்பது எளிதன்று. பாக்கி ஸக்கி யூசுப் என்னும் எகிப்தியப் பொறியாளர் ஓர் எளிய வழி சொன்னார். அஸ்வான் அணைக்கட்டுப் பணியில் அனுபவம் பெற்றவர் அவர். கால்வாய்த் தண்ணீரையே பம்புகளால் வேகமாகப் பீய்ச்சி அடித்தால் மண் கரைந்து வழிவிடும் என்றார், அவ்வாறே வழிவிட்டது. கிணற்று மோட்டாரின் தண்ணீர் வரப்பை அறுத்துக்கொண்டு ஓடுவதைக் கண்டிருக்கும் நம் பகுதி உழவருக்கு இதை விளக்க வேண்டுமா?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாம் 'ரமளான் போர்' என்று அழைக்கும் போரில், அந்த மண்மதிலைத் திறக்கும் யோசனையைத் தந்தவர் ஒரு கிப்தியக் கிறிஸ்தவர். பாடநூலின் ஒற்றை வரி இதைச் சொல்லாது. மனிதர்களின் கதையைச் சொல்லும் நூல்தான் சொல்லும்.

பெயர் பெற்றவரும் பெயரற்றவரும்

இனி, இதன் மறுபக்கம். அதே போரில் கோலான் குன்றுகளில் ஓர் இரவு முழுதும் விரல்விட்டு எண்ணத்தக்க டாங்கிகளுடன் போரிட்ட ஸ்விகா கிரீன்கோல்டு என்னும் 21 வயது இஸ்ரேலிய அதிகாரியின் கதை பல நூல்களில் விரிவாக வருகிறது. அவருடைய ஊர், உடை தீப்பற்றிய கணம், அவர் பட்ட அச்சம் அனைத்தையும் அறிகிறோம். ஆனால் அன்றிரவு அவர் எதிரே எரிந்துபோன சிரிய டாங்கிகளுக்குள் இருந்தவர்கள் யார்? அவர்களுக்கும் தாய் இருந்திருப்பாள், ஊர் இருந்திருக்கும். அவர்கள் வெறும் எண்ணிக்கையாகவே வருகிறார்கள்.

இதற்கு எழுதுவோரின் சார்பு மட்டும் காரணமன்று. இஸ்ரேலில் விசாரணைக் குழு அமைந்தது, ஆவணங்கள் பல வெளிவந்தன, வீரர்கள் பேசினார்கள். அரபு நாடுகளின் இராணுவ ஆவணங்களோ பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. இஸ்ரேல் தன் பக்கம் 2,500க்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்குச் சொல்கிறது. அரபுத் தரப்பில் இறந்தோர் 8,000 என்பாரும் உளர். 15,000க்கும் மேல் என்பாரும் உளர். இறந்த தன் பிள்ளைகளின் கணக்கையே திறந்து சொல்லாத அரசுகள், அவர்களின் கதையை மட்டும் பிறர் எழுதவில்லையே என்று குறைப்பட முடியுமா?

சொல்ல முன்வந்தவர்களின் கதியும் இனிதாக இல்லை. எகிப்தியப் படைத் தலைமை அதிகாரியாக இருந்த ஸஅதுத்தீன் ஷாஸ்லி, சூயஸைக் கடந்த வரலாற்றை 1980இல் நூலாக வெளியிட்டார். போரின் நடுவே அதிபர் அன்வர் ஸாதாத் எடுத்த முடிவுகளை அதில் கடுமையாகக் குறை கூறினார். இஸ்ரேலியப் படை கால்வாயைத் தாண்டி மேற்குக் கரைக்கு வந்துவிட்ட நாட்களில் ஷாஸ்லி மனம் தளர்ந்துவிட்டார் என்று ஸாதாத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். ஷாஸ்லி அதை அடியோடு மறுத்தார். ஒரே அறையில் இருந்த இருவர், ஒரே நிகழ்ச்சி, இரு கதைகள்! அனுமதியின்றி நூல் வெளியிட்டதற்காகத் தண்டனை விதிக்கப்பட்ட ஷாஸ்லி, 1992இல் தாயகம் திரும்பியபோது சிறையில் அடைக்கப்பட்டார். நம்மவர் எழுதியது என்பதாலேயே ஒரு நூல் முழு உண்மையாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டவரும் இந்தக் கதையில் உண்டு. 1956 முதல் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே நின்ற ஐ.நா. அமைதிப்படையில் இந்திய வீரர்கள் பணிபுரிந்தார்கள். இறுதியில் அப்படையின் தளபதியாக இருந்தவரும் இந்தியரே. இந்தர் ஜித் ரிக்கி என்பது அவர் பெயர். படை முழுதும் வெளியேறுவதற்குள் 1967 ஜூன் 5ஆம் நாள் போர் மூண்டது. எவரோடும் போரிடச் செல்லாத 14 இந்திய வீரர்கள் காஸா பகுதியில் இஸ்ரேலியத் தாக்குதலில் மாண்டார்கள். ஆறு நாள் போரின் விமானத் தாக்குதல்களை நிமிடக் கணக்கில் விவரிக்கும் நூல்களில் இவர்களைத் தேடித்தான் காண வேண்டும்.

சன்னலுக்கு வெளியே

தொலைவிலுள்ள கதைசொல்லி ஒரு மக்கள் கூட்டத்தை எப்படிச் சுருக்கிவிட முடியும் என்பதைக் கள்ளக்குறிச்சி வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. செய்திகளில் அவர்கள் எண்ணிக்கையாயினர். கல்வராயன் மலையோ 'சாராய மலை' ஆயிற்று. உயிரைக் குடித்தது மெத்தனால் என்னும் தொழிற்சாலை இரசாயனம். அது மலையில் விளைவதன்று. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களின் கதை, சாலையும் மருத்துவமும் கேட்டுக் காத்திருந்த கதை, அந்தப் பரபரப்பில் எவருக்கு வேண்டியிருந்தது? உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து அம்மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்த பிறகுதான் பலரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

நமக்கு அருகிலுள்ள மலைக்கே இந்தக் கதியென்றால், கடல் கடந்த மக்களைப் பற்றிப் படிக்கையில் எவ்வளவு நிதானம் வேண்டும்! செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பதும், ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதியிலிருந்து பிறழச் செய்ய வேண்டாம் என்பதும் நமக்கு இடப்பட்ட கட்டளைகள் அல்லவா? அவை புத்தகம் படிக்கும் வேளைக்கும் பொருந்தும்.

ஆகவே, உங்கள் மகனோ மகளோ இத்தகைய நூலில் ஆழ்ந்திருக்கக் கண்டால், பறிக்காதீர்கள், பக்கத்தில் அமருங்கள். மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். இந்த உரையாடலை அருகில் இருந்து கேட்டவர் யார்? இந்தப் பக்கத்தில் பெயரோடு இறப்பவர் யார், எண்ணாக இறப்பவர் யார்? மறுதரப்பினர் எழுதிய நூல் எது? இஸ்ரேலியச் செய்தியாளர் ஆபிரகாம் ராபினோவிச்சின் நூலைப் படித்தவர், அல்அஹ்ராம் ஆசிரியராக இருந்த முஹம்மத் ஹைக்கல் 1975இல் எழுதிய நூலையும் படிக்கட்டும்.

போர் நூலை மூடும்போது, யார் வென்றார் என்று பந்தாட்ட முடிவைப்போல் பேசுகிற பிள்ளை, படித்தும் படிக்காதவனே. அந்த டாங்கிக்குள் இருந்தவன் பெயர் என்ன என்று கேட்கிற பிள்ளையோ படிக்கத் தொடங்கிவிட்டான். அடுத்த முறை வெள்ளிமலைப் பேருந்தில் ஏறும்போது, சற்று நேரம் நூலை மூடிவைத்துச் சன்னலுக்கு வெளியேயும் பார்க்க அவன் கற்றுக்கொள்வான்.