ரிம் போனா போகட்டும் சார்!

முதல்லயே சொல்லிடறேன். நான் மெக்கானிக் கிடையாது. பி.காம் படிக்கிற ஆளு. டெபிட், கிரெடிட் தெரியும். கார்பரேட்டர் எது, ரேடியேட்டர் எதுன்னு கேட்டா கொஞ்சம் யோசிச்சுதான் பதில் சொல்வேன். அப்படிப்பட்டவன் டயர் பத்தி எழுத வந்திருக்கேன்னா அதுக்கு ஒரு ராத்திரிதான் காரணம்.

சென்னையிலிருந்து ஊருக்குப் போய்க்கிட்டிருந்தோம். விழுப்புரம் தாண்டி திருச்சி ரோடு. மணி பதினொண்ணரை இருக்கும். அப்பா ஓட்டறார், பக்கத்துல அம்மா. பின்னாடி பாட்டி, அக்கா, அக்கா மடியில மூணு வயசுப் பையன், அப்புறம் நான். திடீர்னு பின்னாடி தடதடதடன்னு சத்தம். வலது பக்கப் பின் டயர் அவுட்.

அப்பா உடனே ஓரங்கட்டினார். ஓரம்னா முழு ஓரம் இல்ல, வெள்ளைக் கோட்டை ஒட்டியே நிறுத்திட்டார். "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாமேப்பா"ன்னேன். "ரிம் போயிடும்டா"ன்னு ஒரே வார்த்தை.

அப்புறம் நடந்ததை இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது. பாட்டியும் குழந்தையும் காருக்குள்ளயே உட்கார்ந்திருக்காங்க. அப்பா ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குத்தவெச்சு உட்கார்ந்து ஜாக்கி ஏத்தறார். நான் செல்போன் டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு வண்டிக்குப் பின்னாடி, சரியா டெயில் லைட்டை மறைச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒரு ஆம்னி பஸ் பக்கத்துல உரசற மாதிரி போச்சு. அந்தக் காத்துலயே ஜாக்கி மேல நின்ன வண்டி ஒரு ஆட்டம் ஆடிச்சு. அப்பாவோட கை அப்ப வீலுக்குக் கீழே இருந்துச்சு.

ரெண்டு நிமிஷத்துல ஒரு லாரி எங்களுக்குப் பின்னாடி தள்ளி, இண்டிகேட்டர் ரெண்டையும் போட்டுக்கிட்டு வந்து நின்னுச்சு. டிரைவர் அண்ணன் இறங்கி வந்தார். டயரைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. "ஏன் சார், பெரியவங்களையும் குழந்தையையும் வண்டிக்குள்ளயா உட்கார வெப்பீங்க? முதல்ல எல்லாரையும் அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லுங்க"ன்னு ஒரு அதட்டு. அடுத்தது ஜாக்கியை இறக்கச் சொன்னார். "இருநூறு மீட்டர் தள்ளி லாரி நிறுத்தற இடம் இருக்கு, லைட்டும் இருக்கு. மெதுவா உருட்டிக்கிட்டு வாங்க." அப்பா மறுபடியும் ரிம்னு ஆரம்பிச்சார். அவர் சொன்னார், "ரிம் போனா போகட்டும் சார்."

அங்க போய் பதினஞ்சு நிமிஷத்துல மாத்திட்டோம். ஸ்டெப்னியிலயும் காத்து பாதிதான் இருந்துச்சுங்கறது தனிக் கதை. அந்த அண்ணன் டீ கூட வாங்கிக்காம கிளம்பிட்டார். ரிம்முக்கு ஒண்ணும் ஆகலை.

சரி, என் கருத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல கார் பத்தி சொல்லிக்குடுக்கிற எல்லாரும் டயரை எப்படி மாத்தணும்னுதான் சொல்லிக்குடுக்கறாங்க (அதையே சொல்லிக்குடுக்காதவங்கதான் அதிகம்). எங்க மாத்தக்கூடாது, எப்ப மாத்தக்கூடாதுன்னு யாரும் சொல்றதில்லை. ஆனா உயிர் போறதும் பிழைக்கறதும் அந்த ரெண்டாவது விஷயத்துலதான் இருக்கு. நட்டு கழட்டத் தெரியாதவனுக்கு நேரம்தான் வீணாகும். நிக்கற இடம் தெரியாதவன் வீட்டுக்கே திரும்ப மாட்டான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். (காமர்ஸ் ஆளு, வேற என்ன வரும்?) மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம்னா செகண்டுக்கு 25 மீட்டர். காரைப் பார்த்து, புரிஞ்சுக்கிட்டு, பிரேக்ல கால் வெக்கவே ஓட்டறவருக்கு ஒண்ணரை செகண்ட் ஆகும். அதுக்குள்ள 37 மீட்டர் ஓடிடும். அப்புறம் பிரேக் பிடிச்சு நிக்கறதுக்கு ஒரு 60 மீட்டர் வெச்சுக்குங்க. மொத்தம் கிட்டத்தட்ட 100 மீட்டர். இப்ப சொல்லுங்க, வண்டிக்கு அஞ்சடி பின்னாடி வெக்கிற முக்கோணம் எதுக்கு? அழகுக்கா? ஹைவேஸ்ல நூறு மீட்டராவது பின்னாடி வெக்கணும். வெக்கறதுக்கு ரோடு மேலயே நடக்காம, ஓரத்துல மண்ணுல இறங்கி, வர்ற வண்டிகளைப் பார்த்தபடி நடக்கணும்.

இன்னொரு கெட்ட பழக்கம் நம்மகிட்ட இருக்கு. முக்கோணம் இல்லைன்னா கல்லு, மரக்கிளை வெக்கறோம். வேற வழியில்லாதப்ப கிளை வெக்கறது தப்பில்லை. ஆனா வேலை முடிஞ்சதும் அதை எடுத்துப் போடணுமே? கல்லை அப்படியே விட்டுட்டுப் போறவங்க எத்தனை பேர்! பின்னாடி இருட்டுல பைக்ல வர்றவன் என்ன பாவம் பண்ணினான்?

எங்க லாரி அண்ணன் கத்துக்குடுத்ததையும், அப்புறம் நானா கேட்டுப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் வரிசையா சொல்றேன்:

1. டயர் வெடிச்சா பிரேக்கை அழுத்தாதீங்க. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சு நேரா வெச்சுக்கிட்டு, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து மெதுவா காலை எடுங்க. வேகம் குறைஞ்சதும் ஓரங்கட்டுங்க.

2. பத்திரமான இடம் வரைக்கும் உருட்டிக்கிட்டே போங்க. டயர் ஏற்கெனவே போயிடுச்சு. ரிம்மும் போனா சில ஆயிரம் ரூபாய்தான்.

3. ஹசார்ட் லைட் போடுங்க. எல்லாரும் இடது பக்கக் கதவு வழியா இறங்கி, ரோட்டை விட்டு விலகி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. வண்டிக்குப் பின்னாடி யாரும் நிக்கவே கூடாது.

4. வலது பக்கச் சக்கரம், பக்கத்துல வண்டிங்க பறக்குதுன்னா மாத்தாதீங்க. தேசிய நெடுஞ்சாலைன்னா 1033-க்குப் போன் பண்ணுங்க. ஆபத்துன்னா 112, அடிபட்டிருந்தா 108. காத்திருக்கறதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

5. மாத்தறதா இருந்தா சமதளத்துல, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியர்ல நிறுத்தி (ஆட்டோமேடிக்னா 'பி'), குறுக்கே எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுங்க. நட்டை ஜாக்கி ஏத்தறதுக்கு முன்னாடியே லேசா தளர்த்திடணும். திரும்ப மாட்டும்போது ஒண்ணு விட்டு ஒண்ணா எதிரெதிரா முடுக்கி, வண்டியை இறக்கினப்புறம் இன்னொரு தடவை முழுசா முடுக்கணும். ஜாக்கியில நிக்கிற வண்டிக்கு அடியில கையோ தலையோ போகவே கூடாது.

இதெல்லாம் நடந்ததுக்கு அப்புறம் பண்றது. முன்னாடியே பண்ண வேண்டியது இன்னும் சுலபம். எங்க டயர் ஏன் போச்சுன்னு மறுநாள் கடைக்காரர் காட்டினார். ஆணி எதுவும் இல்லை. ரொம்ப நாளா காத்து கம்மியா ஓடியிருக்கு. காத்து கம்மியானா டயரோட பக்கச் சுவர் ஒவ்வொரு சுத்துலயும் மடங்கி மடங்கி நிமிரும். அதுல சூடு ஏறும். ஆறு பேர், டிக்கி நிறைய சாமான், ஹைவேஸ் வேகம்... எத்தனை மணி நேரம்தான் தாங்கும்?

காத்து எவ்வளவு வெக்கணும்னு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாலே ஸ்டிக்கர்ல இருக்கும். டயர்ல அச்சடிச்சிருக்கிற பிஎஸ்ஐ நம்பர் வேற. அது அந்த டயருக்கு உச்ச வரம்பு. அதைப் பார்த்து காத்து பிடிக்கிற ஆளுங்களை நானே பார்த்திருக்கேன். வண்டி ஓடி சூடாகறதுக்கு முன்னாடி செக் பண்ணணும், ஸ்டெப்னியையும் சேர்த்து. நைட்ரஜன் போட்டாச்சு, இனி பார்க்கவே வேண்டாம்னு சிலர் சொல்றாங்க. சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எதைப் போட்டாலும் மாசம் ரெண்டு தடவையாவது பார்க்கணும்.

அப்புறம் தேய்மானம். (அக்கவுண்ட்ஸ்ல டிப்ரிசியேஷன் போடறோமே, அது இங்க கண்ணுக்கே தெரியும்.) பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனா கார் டயரை மாத்தியாகணும். பள்ளத்துக்குள்ளயே அந்த உயரத்துக்குச் சின்னதா ஒரு மேடு இருக்கும், டயர் அது மட்டத்துக்குத் தேய்ஞ்சிருந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம். ரெண்டு ஓரமும் தேய்ஞ்சிருந்தா காத்து கம்மி. நடுவுல மட்டும் தேய்ஞ்சிருந்தா காத்து அதிகம். ஒரு ஓரம் மட்டும்னா அலைன்மென்ட் பாருங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 3519-னா 2019-ம் வருஷம் 35-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பக்கத்துல எங்கேயாவது புடைச்சிருந்தா தேய்மானமே பார்க்க வேண்டாம், மாத்திடுங்க.

"சும்மா காத்துக்கு இவ்வளவு பில்டப்பா"ன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கேஸ் ஸ்டடி. 2000-ம் வருஷம் ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயரைத் திரும்ப வாங்குச்சு. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியில போட்டது. ஓடும்போதே மேல்பட்டை உரிஞ்சு வண்டிங்க கவிழ்ந்து இருநூறு பேருக்கும் மேல செத்துப் போனாங்க. டயர்தான் தப்புன்னு ஃபோர்டு சொல்லுச்சு. நீங்க 26 பிஎஸ்ஐ போதும்னு சொன்னதும் வண்டி கவிழற மாதிரி இருக்கறதும்தான் தப்புன்னு ஃபயர்ஸ்டோன் சொல்லுச்சு. டயர்ல குறை இருந்துச்சுன்னு அரசாங்க விசாரணையில வந்துச்சு. ஆனா காத்து கம்மி, சூடு, வேகம், பாரம் நாலும் சேர்ந்தா என்ன ஆகும்னு ஊரே பார்த்துச்சு. கிட்டத்தட்ட நூறு வருஷ வியாபார உறவு 2001-ல முறிஞ்சுது. காத்து குறைஞ்சா விளக்கெரியற சிஸ்டம் 2008 மாடல் கார்ல இருந்து அங்க எல்லாத்துக்கும் கட்டாயம் ஆனதே இதனாலதான்.

நம்ம ஊர்ல 2020-ல விதியை மாத்தி, அந்த சிஸ்டமும் பஞ்சர் கிட்டும் இருந்தா ஸ்டெப்னி இல்லாமலே கார் விக்கலாம்னு விட்டாங்க. அதனால உங்க டிக்கியைத் திறந்து ஒரு தடவை பார்த்துடுங்க. நடுரோட்டுல பார்த்து "ஐயோ"ங்கறதுக்கு இது தேவலை. அந்தக் கிட்டால ஆணி குத்தின ஓட்டையை அடைக்கலாம். பக்கச் சுவர் கிழிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது.

அடுத்தது ஃபியூஸ். இதுல எங்க வீட்டுக் கதை இன்னும் மோசம். பழைய கார்ல யாரோ ஆசைப்பட்டு (அப்பா, சாரி!) பெரிய ஹாரன் மாட்டினார். ஃபியூஸ் போய்க்கிட்டே இருந்துச்சு. ஒரு கடையில சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சுத்தி மாட்டிவிட்டாங்க. அப்புறம் ஃபியூஸ் போகவே இல்லை. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மூணு வாரம் கழிச்சு டேஷ்போர்டுக்கு அடியில பிளாஸ்டிக் கருகற வாடை. பேட்டரி கனெக்ஷனைக் கழட்டிப் பார்த்தா ஒயர் உருகிக் கிடக்கு.

ஃபியூஸ் போறது ரிப்பேர் இல்லீங்க, அது எச்சரிக்கை. ஒயர் தாங்கற அளவுக்குக் கரண்ட் போகட்டும்னுதான் அதை வெச்சிருக்காங்க. 10 ஆம்பியர் இருக்கிற இடத்துல 20 போட்டா, ரெண்டு மடங்கு கரண்ட் போக வழி விடறீங்க. ரெண்டு மடங்கு கரண்டுக்குச் சூடு நாலு மடங்கு. வெள்ளித்தாளுக்கோ அளவே கிடையாது. கலரைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பாக்ஸ் மூடியோட உள்பக்கம் எது எதுக்குன்னு படம் இருக்கும், பல வண்டியில ஸ்பேரும் சின்னக் கிடுக்கியும்கூட இருக்கும். சாவியை அணைச்சுட்டு, அதே ஆம்பியர் போடுங்க. மறுபடியும் போச்சுன்னா எலக்ட்ரீஷியன்கிட்ட போங்க. வாடையோ புகையோ வந்தா வண்டியை நிறுத்தி அணைச்சுட்டு எல்லாரும் இறங்கி தூரமா போங்க. பானட்டைத் திறந்து பார்க்கிற வேலை வேண்டாம்.

"இதுக்கெல்லாம் ஆளு இருக்காங்க, ஒரு போன் போட்டா வர்றாங்க, நாம ஏன் கத்துக்கணும்?"னு என் கிளாஸ்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். வண்டியைச் சரிபண்ண ஆளு வருவார், ஒத்துக்கறேன். ஆனா அவர் வர்ற வரைக்கும் ஒரு மணி நேரம் நாமதான் அந்த ரோட்டுல நிக்கணும். எங்க நிக்கறதுன்னு போன் போட்டுக் கேட்க முடியுமா?

அதனால என் கோரிக்கை ரொம்பச் சின்னது. டிரைவிங் ஸ்கூல்ல கிளட்ச், கியர் சொல்லித்தர்ற நாட்கள்ல ஒரே ஒரு நாள் இதுக்கு ஒதுக்கட்டும். லைசென்ஸ் டெஸ்ட்ல ரோட்டு சிக்னல் கேட்கிற மாதிரி, "வண்டி பிரேக்டவுன், குழந்தை உள்ள இருக்கு, முதல்ல என்ன பண்ணுவீங்க?"ன்னும் ஒரு கேள்வி கேட்கட்டும். எங்க வீட்டுல அன்னிக்கு ஒருத்தருக்கும் பதில் தெரியலை. இத்தனைக்கும் அப்பா இருபத்தஞ்சு வருஷமா ஓட்டறார்.

சிக்கனம் எங்க காட்டணும், எங்க காட்டக்கூடாதுன்னு தெரியறதுதான் காமர்ஸோட முதல் பாடம்னு நான் நினைக்கிறேன். அதை எனக்கு எந்தப் புரொபசரும் சொல்லித்தரலை. விழுப்புரம் தாண்டி ஒரு லாரி அண்ணன்தான் சொல்லித்தந்தார்.

டிஸ்கி: இப்ப எங்க கார் டிக்கியில முக்கோணம், டார்ச், நல்ல காத்தோட ஸ்டெப்னி எல்லாம் இருக்கு. மாசம் ரெண்டு தடவை பங்க்ல காத்து செக் பண்றது என் டிபார்ட்மென்ட். பெரிய ஹாரனைக் கழட்டியாச்சு. அப்பா இன்னும் அதுக்கு வருத்தப்படறார்.