பெயர் ஒன்றியம், பிடி எவரிடம்?

இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் தொலைவுதான். ஒரே சாலை, ஒரே இருப்புப் பாதை, மேற்கே ஒரே மலைத்தொடர். அங்கே நூற்பாலையில் கதிர்கள் சுழல்கின்றன. இங்கே பால்கோவாச் சட்டியில் துடுப்பு சுழல்கிறது. அவ்வூர்ப் பெண் இவ்வூர் மருமகள். இவ்வூர் வணிகன் அவ்வூர்ச் சந்தைக்குப் பழகிய முகம். இத்தனை உறவு இருக்கிறதே என்பதற்காக, ‘ஒற்றுமை ஓங்க வேண்டும், ஆகவே ஒரு நகராட்சியைக் கலைத்து மற்றதன் காலடியில் வையுங்கள்’ என்று எவரேனும் மேடையேறிச் சொன்னால் ஊரார் என்ன செய்வர்? சிரிப்பர். சினமும் கொள்வர். உறவு வேறு, உரிமை வேறு என்பதை அவர்கட்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆனால் அதே நியாயத்தை நாட்டளவில் நாம் எடுத்துச் சொன்னால், ‘ஆகா, பிரிவினை!’ என்று பதறுகிறார்கள் சிலர். மாநிலத்துக்கு உரிமை கேட்பது மண்ணைப் பிளப்பதாம். டில்லியில் அதிகாரத்தைக் குவிப்பது தேசபக்தியாம். இந்தக் கூச்சலுக்குக் கூச்சல் விடையாகாது. மக்கள் ஒன்றுகூடி வாழ உலகம் கண்டறிந்த முறைகள் யாவை, அவற்றுள் நம்முடையது எது என்று அமைதியாக ஆராய்ந்து பார்ப்போம்.

முதல் முறை ஒற்றையாட்சி. அதிகாரம் அனைத்தும் ஒரே மன்றத்தில் இருக்கும். அம்மன்றம் விரும்பினால் கீழுள்ளோர்க்குக் கொஞ்சம் அளிக்கும், விரும்பாவிட்டால் எடுத்துக்கொள்ளும். பிரிட்டன் இதற்குச் சான்று. 1921-இல் வட அயர்லாந்துக்கு வழங்கிய மன்றத்தை 1972-இல் இலண்டன் முடக்கியது. 1999-இல் ஸ்காட்லாந்துக்கு ஒரு மன்றம் கிடைத்தது. அதுவும் இலண்டன் இயற்றிய சட்டத்தின் பிள்ளையே.

இரண்டாவது, தனித்தனி அரசுகள் தம் இறைமையை வைத்துக்கொண்டே சில பணிகளுக்காகக் கைகோக்கும் நேசக்கூட்டு. 1781-இல் பதின்மூன்று அமெரிக்க அரசுகள் இவ்வாறே கூடின. பொது மன்றத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. எனவே அது பிறரை நம்பி வாழ்ந்து, சில ஆண்டுகளிலேயே தளர்ந்தது. இன்றைய ஐரோப்பிய ஒன்றியம் நேசக்கூட்டுக்கும் கூட்டாட்சிக்கும் நடுவே நிற்கிறது. அதிலிருந்து வெளியேறும் வழி சட்டத்திலேயே உண்டு. 2020 சனவரி 31-இல் பிரிட்டன் அவ்வழியே வெளியேறியது.

மூன்றாவது கூட்டாட்சி. மத்திக்கும் மாநிலத்துக்கும் அதிகாரம் ஒரே அரசியல் சட்டத்திலிருந்து பிறக்கும். ஒன்று மற்றொன்றின் கருணையில் வாழாது. 1789-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அமைப்பு, 1848-இல் அமைந்த சுவிட்சர்லாந்து, 1901-இல் பிறந்த ஆஸ்திரேலியா ஆகியன இவ்வகை.

நம்முடையது எது? அரசியல் சட்டத்தின் முதற்கூறு, இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. கூட்டாட்சி என்ற சொல்லை அது ஆளவில்லை. மாநிலங்கள் உடன்படிக்கை செய்துகொண்டு பிறந்த அமைப்பன்று இது, எனவே பிரிந்துபோகும் உரிமையும் எவருக்கும் இல்லை என்று 1948-இல் அரசியல் நிர்ணய மன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். நல்லது; பெயரைப் பற்றி நாம் வழக்காடப் போவதில்லை. பெயர் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குச் சோவியத்து நாடே சான்று. அதன் சட்டத்தில் குடியரசுகட்குப் பிரிந்துபோகும் உரிமைகூட எழுதியிருந்தது. ஏட்டில் உரிமை, எதார்த்தத்தில் எல்லாம் மாஸ்கோ! 1991-இல் அந்த மாளிகை சரிந்தது.

ஆகவே பெயரை விட்டுவிட்டு மூன்று வினாக்களை எழுப்புவோம். எல்லை எவர் கையில்? பணப்பை எவர் கையில்? திருத்தும் எழுதுகோல் எவர் கையில்?

எல்லையை எடுத்துக்கொள்வோம். திருவில்லிபுத்தூர் வட்டாரம் ஒரு காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்க்கப்பட்டது. 1985-இல் அம்மாவட்டமும் பிரிக்கப்பட்டு, இன்று விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் பெற்றுள்ள பகுதியில் வந்து நின்றது. இதில் எவருக்கும் மனக்குறை இல்லை. மாவட்டம் என்பது நிர்வாக வசதிக்கான பிரிவு. கோட்டைப் போடுபவர் கோட்டை மாற்றலாம்.

ஆனால் மாநிலமும் அப்படித்தானா? அரசியல் சட்டத்தின் மூன்றாம் கூறு அப்படித்தான் என்கிறது! ஒரு மாநிலத்தை வெட்டலாம், ஒட்டலாம், குறுக்கலாம், பெயரை மாற்றலாம்; நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. 2019-இல் சம்மு காசுமீர் மாநிலத்தை இரண்டு ஒன்றியப் பகுதிகளாக ஆக்கியபோது, கருத்துச் சொல்ல அங்கே சட்டமன்றமே இல்லை. அது முன்னரே கலைக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தைப் பிரிக்க அம்மாநில மன்றத்தின் இசைவு வேண்டும். ஆஸ்திரேலியாவில் மாநில மன்றத்தின் இசைவோடு அம்மாநில வாக்காளரின் இசைவும் வேண்டும். சுவிட்சர்லாந்தில் சூரா என்னும் புதிய மாநிலம் 1979-இல் பிறந்தது. பிறக்குமுன் அவ்வட்டார மக்களும் வாக்களித்தனர், நாடு முழுவதும் வாக்களித்தது. டில்லியின் முன்னே மட்டும் மாநிலம் ஒரு பெரிய மாவட்டம்!

பெயர் மாற்றத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. தாயகத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட வேண்டும் என்பதைத் தலையாய கோரிக்கையாக வைத்து, 1956-இல் விருதுநகரில் உண்ணாநோன்பிருந்து உயிரையே கொடுத்தார் தியாகி சங்கரலிங்கனார். 1967 சூலை 18-இல் சட்டமன்றம் அப்பெயரை ஏற்றுத் தீர்மானம் இயற்றியது. ஆயினும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 1969 சனவரி 14-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. தன் வீட்டுக்குத் தான் பெயரிட அடுத்த வீட்டில் ஓலை வாங்கி வரவேண்டிய நிலைக்குப் பெயர் கூட்டாட்சியா?

அடுத்தது பணப்பை. 2017 சூலை முதல் சரக்கு, சேவை வரி வந்தது. இராசபாளையத்து நூலுக்கும், சத்திரப்பட்டித் தறியில் நெய்யும் மருத்துவக் கட்டுத்துணிக்கும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் எத்தனை விழுக்காடு வரி என்பதைச் சென்னைச் சட்டமன்றம் தனித்து முடிவு செய்ய இயலாது. அதற்கென ஒரு மன்றம் இருக்கிறது. அம்மன்றத்தின் கணக்கைப் பாருங்கள். ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எல்லா மாநிலங்கட்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது மாநிலங்கள் அத்தனையும் ஒரே குரலில் வேண்டினாலும் டில்லி தலையசைக்காவிட்டால் நடவாது. டில்லி மறுத்தால் அதுவே முடிவு. மன்றத்தின் பரிந்துரை மாநிலங்களைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது என்று 2022-இல் உச்சநீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால் நாடு முழுவதும் ஒரு வரிப் பின்னலில் மாட்டிய பின், ஒரு மாநிலம் மட்டும் நூலை அறுத்துக்கொண்டு எங்கே போகும்?

இன்னொன்றும் உண்டு. வரி என்ற பெயரில் வாங்கினால் மாநிலத்துக்குப் பங்கு கொடுக்க வேண்டும். செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயரில் வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. பெயரை மாற்றிப் பையை நிறைக்கும் வித்தை இது!

சுங்கவரி மத்தியில் இருப்பதை நாம் குறை கூறவில்லை. எந்தக் கூட்டாட்சியிலும் அது பொதுப்பணிதான். ஆனால் வெளிநாட்டுப் பஞ்சுக்கு 2021-இல் 11 விழுக்காடு தீர்வை விதித்ததும், 2022-இல் சில மாதம் நீக்கியதும், மீண்டும் விதித்ததும், 2025 ஆகஸ்டில் மறுபடி நீக்கியதும் எவ்வூர் ஆலையை அசைக்கும்? பஞ்சு விலையோடு பிழைப்பும் ஏறி இறங்கும் ஊர்கட்கு, முடிவெடுக்கும் அவையில் வலுவான குரல் வேண்டாமா? அமெரிக்க மேலவையில் சிறிய மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் இரண்டிரண்டு இடங்கள். நம் மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1. மாநிலங்களின் அவை என்பது பெயர்; மக்கள் தொகையின் நிழல் என்பது நடப்பு.

மூன்றாவது, திருத்தும் எழுதுகோல். 1950-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது சென்னை மாநிலத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் இராசபாளையத்துப் பூ. ச. குமாரசாமி ராஜா. அந்த ஆண்டே வகுப்புவாரி உரிமை ஆணையை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. 1951-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தமிழகம் கொதித்தது. பிற்படுத்தப்பட்டோர் பிள்ளைகட்குக் கல்லூரிக் கதவு மூடப்பட்டபோது, அக்கதவைத் திறக்கும் சாவி இராசபாளையத்து முதலமைச்சரிடம் இல்லை; சென்னைச் சட்டமன்றத்திடமும் இல்லை. டில்லி திருத்தினால்தான் உண்டு. தெருவில் எழுந்த கிளர்ச்சி டில்லியை அசைத்து, முதல் திருத்தம் வந்தது. கிளர்ச்சி இல்லையேல்?

1976-ஐயும் நினைவு கூருங்கள். கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப்பட்டியலில் வைத்தது 42-ஆவது திருத்தம். அதற்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதல் தேவை என்பது விதி. தமிழகத்தின் கருத்து என்ன? சொல்ல வாய் ஏது? அந்த ஆண்டு சனவரி 31-இல் இங்கே ஆட்சி கலைக்கப்பட்டு, சட்டமன்றமும் இல்லாமற் போயிருந்தது. நாவை அறுத்துவிட்டு, ‘மறுப்பேதும் உண்டா?’ என்று கேட்பது போன்றதன்றோ இது!

‘மத்தி வலிவாக இல்லாவிட்டால் நாடு சிதறும்’ என்பார்க்கு ஒரு சொல். பாகிஸ்தான் 1955-இல் மேற்குப் பகுதி மாகாணங்களை எல்லாம் ஒன்றாக உருக்கி ஒரே அலகு ஆக்கியது. கிழக்கின் குரலை நெரித்தது. 1971-இல் வங்கதேசம் பிறந்தது. இலங்கை 1956-இல் சிங்களம் மட்டும் என்றது. 1972-இல் ஒற்றையாட்சி என்று சட்டத்தில் பொறித்தது. பின் அத்தீவு சிந்திய குருதியை நாம் அறிவோம். மறுபுறம், நான்கு மொழி பேசும் சுவிட்சர்லாந்து சிதறவில்லை. கியூபெக் மக்களிடம் 1980-இலும் 1995-இலும் வாக்கெடுப்பு நடந்த கனடா சிதறவில்லை. இறுக்கிக் கட்டிய மூட்டைதான் பிய்கிறது. இசைந்து கோத்த மாலை நிலைக்கிறது.

பிரிவினைக் கோரிக்கை 1963-இலேயே கைவிடப்பட்டது. அதன்பின் கேட்பது சுயாட்சி. 1969-இல் இராசமன்னார் குழு, 1971-இல் அதன் அறிக்கை, 1974-இல் சட்டமன்றத் தீர்மானம், 2025-இல் நீதிபதி குரியன் சோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழு. அரை நூற்றாண்டாக ஏட்டில் எழுதியதையே எழுதுகிறோம். படிக்க வேண்டியவர் படிக்கவில்லை.

ஆனால் தோழர்களே, இந்த வழக்கில் நம் கையும் தூய்மையாக இருக்க வேண்டும். 2016 அக்டோபரில் தமிழகத்து நகராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து ஆண்டுகட்கு மேல் இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் தாம் தேர்ந்தெடுத்த மன்றமின்றித் தனி அலுவலர் ஆட்சியில் கிடந்தன. குடிநீர்க் குழாய் உடைந்தால் கேட்க உறுப்பினர் இல்லை. சாக்கடை நிறைந்தால் தட்டக் கதவு இல்லை. ஆண்டது எக்கட்சி என்பதன்று வினா. டில்லி சட்டமன்றத்தைக் கலைத்தால் அது கொடுமை. சென்னை நகர்மன்றத் தேர்தலைத் தள்ளிப்போட்டால் அது நிர்வாக வசதியோ? சுயாட்சி என்பது டில்லியிலிருந்து புறப்பட்டுச் சென்னைக் கோட்டையோடு நின்றுவிடும் வண்டியன்று. ஒவ்வோர் ஊர்த் தெருவுக்கும் அது வந்து சேர வேண்டும்.

எனவே நம் கோரிக்கை தெளிவானது. மாநிலச் சட்டமன்றத்தின் இசைவின்றி அதன் எல்லையையோ பெயரையோ தொடுதல் கூடாது. மாநிலங்களவையில் மாநிலங்கட்குச் சம இடம் வேண்டும். செஸ்ஸிலும் கூடுதல் தீர்வையிலும் பங்கு வேண்டும். கல்வி மாநிலப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும். நகராட்சி, ஊராட்சித் தேர்தல் ஒரு நாளும் தவறலாகாது. அவற்றுக்குரிய பணமும் பணியும் அவற்றிடமே சேர வேண்டும்.

தமிழ்நாட்டரசின் இலச்சினையில் ஒரு கோபுரம் இருக்கிறது. திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்றே மக்கள் அதை அறிவர். அவ்விலச்சினை பொறித்த தாளில், தன் மக்களுக்குத் தேவையான ஆணையைத் தன் அதிகாரத்தில் எழுதும் உரிமை நமக்கு வேண்டும். பாதுகாப்பும், வெளிநாட்டு உறவும், நாணயமும் பொதுவாக இருக்கட்டும், இணைந்தே வாழ்வோம். ஆனால் இணைதல் என்பது இருவர் கைகோத்து நடப்பது. ஒருவன் தோளில் மற்றொருவன் ஏறி அமர்வதற்கு வேறு பெயர் உண்டு!