சமூகப் பணிப் பட்டமும் கல்விக் கடனும்: கணக்கு எங்கே இடிக்கிறது?

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் அவ்வப்போது வெளியிடும் வேலைவாய்ப்பு அறிவிப்புகளைப் படித்தால், சமூகப் பணிக்கு அரசு என்ன விலை வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். மிஷன் வத்சல்யா திட்டத்தின் 2022 வழிகாட்டுதல்படி, சமூகப் பணியாளருக்கு மாதம் ரூ.18,536, பாதுகாப்பு அலுவலருக்கு ரூ.27,804, புறத்தொடர்புப் பணியாளருக்கு ரூ.10,592. எல்லாமே தொகுப்பூதியம், எல்லாமே ஒப்பந்தம். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் வீட்டுக்குப் போவதும், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போய் ஊராரிடம் வசவு வாங்குவதும், குழந்தைகள் நலக் குழுவுக்கு சமூக விசாரணை அறிக்கை எழுதுவதும் இந்தச் சம்பளத்துக்குத்தான்.

இதில் சமூகப் பணியாளர் பதவிக்கு இளங்கலைப் பட்டமே போதும். முதுகலை படித்தவர்கள் குறிவைப்பது பாதுகாப்பு அலுவலர் பதவியை. மாவட்டத்துக்கு 2 இடங்கள். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் சேர்த்தால் நூறுகூடத் தேறாது. ஆக, சமூகப் பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. படிக்கச் செலவிடும் 2 ஆண்டுகள், அதிர்ஷ்டம் இருந்தால் மாதம் ரூ.9,268 கூடுதலாகப் பெற்றுத் தரும்.

அந்தப் படிப்பைக் கடன் வாங்கிப் படித்தால் என்ன ஆகும்? சுயநிதிப் பிரிவுக் கட்டணம், விடுதி, சாப்பாடு, களப்பணிக்கான பேருந்துச் செலவு, கிராம முகாம் எல்லாவற்றுக்குமாக 3 லட்சம் ரூபாய் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும்போதும் முடித்த பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி தூங்குவதில்லை. தவணை தொடங்கும் நாளில் கடன் ஏறக்குறைய 3.75 லட்சமாக நிற்கும். 7 ஆண்டுகளில் அடைக்க வேண்டுமானால் மாதம் சுமார் 6,200 ரூபாய். சமூகப் பணியாளரின் சம்பளத்தில் இது மூன்றில் ஒரு பங்கு. பாதுகாப்பு அலுவலரே ஆனாலும், முதுகலையால் கிடைத்த கூடுதல் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு வங்கிக்குப் போய்விடும். 15 ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை 4,000 ரூபாய்க்கு இறங்கும்; கட்டி முடிக்கும்போது மொத்தம் 7.25 லட்சம் ஆகியிருக்கும். பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட்ட கடன் இது. தவணை தவறினால் அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் விழும்.

படிக்கும்போதே பகுதிநேர வேலை பார்க்கலாமே என்பார்கள். வாரத்தில் 2 நாள் களப்பணி, இரவில் அதற்கான அறிக்கை, விடுமுறையில் ஒரு மாதத் தொடர் களப்பயிற்சி என்று ஓடும் படிப்பில் அதற்கு எங்கே நேரம்? களப்பணிக்குப் பெரும்பாலும் உதவித்தொகையும் கிடையாது. மருத்துவமனையிலும் காப்பகத்திலும் ஆள் பற்றாக்குறையை ஈடுகட்டுவது பல இடங்களில் இந்த மாணவர்களின் இலவச உழைப்புதான்.

பட்டம் ஒன்றானாலும் சந்தை இரண்டு. மனிதவள மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர் ஸ்ரீபெரும்புதூருக்கோ ஓசூருக்கோ போய்விடுகிறார். 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2020-இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் சம்பளமும் ஓரளவு மரியாதையாக இருக்கிறது. சமூக மேம்பாடும் மனநலமும் எடுத்தவருக்கு அந்த அளவுக்குச் சட்டப் பிடிமானம் இல்லை. சமூகப் பணி படிக்க வந்தவர்கள் மனிதவளத்துக்கு ஓடுகிறார்கள் என்று பேராசிரியர்கள் வருத்தப்படுவதுண்டு. கடன் உள்ளவர் ஓடத்தான் செய்வார். அதில் குற்றம் என்ன இருக்கிறது?

தொண்டு நிறுவனங்களிலும் சம்பளம் ஏறாததற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 2020-இல் 50 சதவீதத்திலிருந்து 20 ஆக வெட்டினார்கள். அனுபவம் கூடக் கூட ஒருவர் களத்திலிருந்து நிர்வாகத்துக்கு நகர்கிறார். நகர்ந்த இடத்தில் காசுக்குப் பூட்டு. சேவைக்கு வந்தவர் சம்பளம் பேசலாமா என்ற நம் மனப்போக்கும் அந்தப் பூட்டுக்குக் காவல் நிற்கிறது.

அரசின் வட்டி மானியம் உதவாதா? ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கான முழு வட்டிச் சலுகை தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்கு மட்டும். அதில் சமூகப் பணி சேருமா? சமூகப் பணி ஒரு தொழில் என்று பாடப்புத்தகம் முதல் பக்கத்திலேயே சொல்கிறது. ஆனால் செவிலியருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல் இந்தத் துறை முழுவதற்குமான சட்டப்பூர்வமான கவுன்சில் இந்தியாவில் இல்லை.

அமெரிக்காவிலும் இதே தகராறுதான். 2025-இல் வந்த சட்டம், தொழிற்படிப்புகளுக்கு 2 லட்சம் டாலர் வரையும் மற்ற முதுகலைப் படிப்புகளுக்கு 1 லட்சம் டாலர் வரையும் அரசுக் கடன் என்று வரம்பு கட்டியது. கல்வித் துறை வகுத்த தொழிற்படிப்பு வரைவுப் பட்டியலில் சமூகப் பணி இடம்பெறவில்லை. ஆனாலும் அங்கே 2007 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது: அரசிலோ லாப நோக்கற்ற நிறுவனத்திலோ பணிபுரிந்துகொண்டே 120 மாதத் தவணை கட்டியவருக்கு மீதிக் கடன் தள்ளுபடி. நடைமுறையில் ஆயிரம் குளறுபடிகள் இருந்தாலும் கொள்கை சரியானது. குறைந்த சம்பளத்துக்குப் பொதுவேலை வாங்குகிறவர், அந்த வேலைக்காகப் பட்ட கடனில் பங்கேற்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு இதைச் செய்ய முடியும். குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிலும் பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களிலும் தொகுப்பூதியத்தில் 5 ஆண்டுகள் நிலைத்தவர்களின் கல்விக் கடன் பாக்கியை அரசே ஏற்கட்டும். ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், பட்ஜெட்டில் துருத்திக்கொண்டு தெரியும் தொகை அல்ல அது.

அது நடக்கும்வரை, இந்த ஆண்டு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு உதவிபெறும் பிரிவில் இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். கிடைக்காவிட்டால், 1 லட்சத்துக்கு மேல் கடன் வாங்கி இந்தப் பட்டத்தைப் படிக்காதீர்கள்.