கம்ப்யூட்டர் பாக்ஸில் கெட்டிலா?

கம்ப்யூட்டருக்குப் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே டீ கெட்டிலையும் செருகுவது பல ஆபீஸ்களில் வழக்கம். 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது 1,380 வாட்தான். 1,500 வாட் கெட்டில் ஒன்றே அதைத் தாண்டிவிடும். வயர் சூடாகி, மேலுறை உருகி, தீப்பிடிக்கலாம். கெட்டிலுக்கு 16 ஆம்பியர் சுவர் பிளக்தான் சரி.

தீப்பிடித்தால் உடனே மெயினை ஆஃப் செய்யுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்; ஷாக் அடிக்கும். பவுடர் அணைப்பான் தீயை அடக்கும். ஆனால், தூள் படிந்து சர்க்யூட்டை அரித்துவிடும். கார்பன் டை ஆக்ஸைடு அணைப்பானில் அந்தத் தொல்லை இல்லை. சின்ன அறையில் மூச்சு முட்டும் என்பதால், அடித்ததும் வெளியே வந்துவிடுங்கள்.

தீ பெரிதானால் 101-க்கு போன் செய்யுங்கள். கணக்கு ஃபைல்களின் பிரதி வேறிடத்தில் இருந்தால், அதை எடுக்க யாரும் புகைக்குள் ஓட வேண்டியதில்லை.